செவலைக்குக் கொடுக்காத இடம்

இன்று காலை நான் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பும்போது, மழைக்கு ஒதுங்கிய ஒரு தெருநாய் நம் வாசற்படியில் ஏறி உடம்பை உதறியது. என் வெள்ளைப் புடவையெல்லாம் சேற்றுப் புள்ளி. நனைந்த நாயின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் சட்டைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. எவ்வளவு துவைத்தாலும் உங்கள் நாய் செவலையின் வாடை போகாத சட்டைகள். கூடவே அந்தப் பழைய எரிச்சலும் வந்துவிட்டது. நீங்களும் இல்லை, அதுவும் இல்லை. எரிச்சல் மட்டும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்துவீர்கள். மிச்சச் சரித்திரம் செவலைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விஸ்வநத்தம் பக்கம் மேடு மேடாகப் பானை ஓடு பொறுக்கப் போவீர்கள், அது முன்னால் ஓடும். நான் ஆறிப்போன சோற்றோடு உட்கார்ந்திருப்பேன்.

"ஆடு மாடெல்லாம் வர்றதுக்கு முன்னாலேயே நாய் மனுசன்கூட வந்துட்டு, எஸ்தர். உழவுக்கும் முந்தி" என்றீர்கள் ஒருநாள்.

"கல்யாணத்துக்கும் முந்தியோ?" என்று கேட்டேன்.

"அதுக்கும் முந்தித்தான் இருக்கும்" என்று செவலையின் காதைத் தடவினீர்கள். நான் கேலியாகக் கேட்கவில்லை என்பது உங்களுக்குப் புரியவே இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆபீசுக்குப் புது ஷெட் போட அஸ்திவாரம் தோண்டினார்கள். பெரிய தாழி ஒன்று தட்டுப்பட்டது. மேஸ்திரி உங்களுக்கு ஆள் அனுப்பினார். அன்று எனக்கு விடுமுறை. அதிசயமாக என்னையும் வரச் சொன்னீர்கள்.

தாழிக்குள் மனித எலும்பு. வெளியே, தாழியை ஒட்டி, கால்களை மடக்கிப் படுக்கவைத்த இன்னொரு சிறிய எலும்புக்கூடு. நீங்கள் மண்டியிட்டுத் தாடையைப் பார்த்துவிட்டு, "நரி இல்ல, நாய்தான்" என்றீர்கள். உங்கள் குரல் நடுங்கியது. நம் கல்யாணத்தன்று கோயிலில்கூட அந்தக் குரல் நடுங்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். முன்னங்கால் எலும்பில் ஓரிடம் தடித்து, லேசாகக் கோணியிருந்தது. வார்டில் எத்தனை கைகால்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஏங்க, இது ஒடிஞ்சு கூடின கால். கூடுற வரைக்கும் இது ஓடி இரை தேடியிருக்க முடியாது. யாரோ சோறு வச்சுக் காப்பாத்தியிருக்காக" என்றேன்.

என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தீர்கள். அந்த நிமிடத்துக்காக எதையும் கொடுப்பேன். ஆனால் அடுத்த நிமிடமே திரும்பி, குழிக்கு மேலே நின்ற செவலையிடம், "கேட்டியாலே? உன் முப்பாட்டனுக்கு வைத்தியம் பாத்திருக்காக!" என்றீர்கள். நான் கண்டு சொன்னதைக்கூட அதனோடுதான் பகிர்ந்துகொண்டீர்கள்.

மேஸ்திரி கையைப் பிசைந்தார். "சாரு, தீபாவளி சீசன் வருது. முதலாளி நாளைக்கே குழிய மூடச் சொல்லிட்டாக."

திரும்பி வரும் வழியில், "நான் போனா என்னையும் இப்படித்தான் வைக்கணும். காலடியில செவலை" என்றீர்கள்.

"அப்ப நான்?"

சிரித்தீர்கள். முன்னால் ஓடிய செவலையின் பின்னால் எட்டி நடந்தீர்கள்.

என் கேள்விக்குப் பதில் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்தது என்றார்கள். துக்கம் முடிந்த கையோடு நான் டியூட்டிக்குத் திரும்பினேன்; மற்றவர்கள் வீட்டு நோயாளிகளுக்கு ஊசி போட்டேன். செவலைக்கு டியூட்டி கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் மண்மேட்டின் மேல் படுத்துக்கொண்டது. நான் தூக்குவாளியில் கொண்டுபோகும் சோற்றைத் தின்னும், கூப்பிட்டால் வராது.

ஊரே வந்து பார்த்தது. "நாய்க்கு இருக்கிற பாசத்தைப் பாத்தீகளா!" என்று என்னிடமே சொன்னார்கள். நானும் அங்கே அப்படி விழுந்து கிடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஒரு மார்கழிக் காலையில் அது எழுந்திருக்கவில்லை. தோட்டத்துக் காவல்காரர் வீட்டுக்கே வந்தார். "அம்மா, பாதிரி ஐயர் மதுரைக்குப் போயிருக்காக. யாருக்கும் தெரியாம சாரு காலடியிலேயே புதைச்சிரவா? சாரே அதுதான் ஆசைன்னு எங்கிட்ட சொல்லியிருக்காக."

உங்கள் ஆசை எனக்குத் தெரியாதா? தெரிந்துதான், "வேண்டாம்" என்றேன். "அந்த இடம் என்னுது."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

பழைய போர்வையில் சுற்றிக் குதிரைவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொல்லையில் துவைகல்லுக்குப் பின்னால் குழி வெட்டச் சொன்னேன். இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், கால்களை மடக்கி, முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். யாரும் சொல்லாமல் என் கைகளே செய்த வேலை. அப்போதுதான் அழுதேன். உங்களுக்காகவா அதற்காகவா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

அதற்காக மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்து இடத்துக்குச் சபையில் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனையோ காலம் கழித்து யாராவது அங்கே ஷெட் போடத் தோண்டுவார்கள். உங்களைப் போல ஒரு வாத்தியார் மண்டியிட்டுப் பார்ப்பார். அவர் கண்ணில் நாம் இரண்டு பேர் மட்டும் படவேண்டும். இந்த மனிதர் ஒரு நாய்மேல் உயிரையே வைத்திருந்தார் என்பது அவருக்குத் தெரியவே வேண்டாம்.