கையை வைத்துப் பார்

இன்று காலை மயிலாப்பூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்காக என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பில் போட அவருக்கு அதுதான் கைப்பழக்கமாம். மூடியைக் கழற்றிக் கரண்ட் கொடுத்ததும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உன் சட்டையில் எப்போதும் அடித்த வாசனை, மச்சி. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

தி. நகரில் துணிக்கடைக்கு மேலே கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலுக்காக நாம் இருவரும் வாடகைக்கு எடுத்த அறை. தொண்ணூறுகளின் நடுவில் ஊரே புது ஓ.எஸ். கேட்டது, வீடுகளில் இருந்ததெல்லாம் அதைத் தாங்கத் திணறும் பழைய 486 பெட்டிகள். தேறாது என்று நான் ஒதுக்கும் பெட்டிகளை நீ இழுத்துக்கொள்வாய். சவுண்ட் கார்டு, மோடம் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு, ஃப்ளாப்பிகளை முதலில் ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொண்டு, அங்கிருந்தே ஓ.எஸ். போடுவாய். நடுவில் ஒரு ஃப்ளாப்பி பல்லிளித்து வேலை பாழாகும் பேச்சே இல்லை.

அப்படியும் எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் நீலப் பட்டை பாதியில் நின்றுவிடும். எனக்குக் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு சுவிட்சை அணைத்துத்தான் பலர் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்கள். நீயோ பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாய். உள்ளே டிஸ்க் கரகரவென்று அதிர்ந்தால், "ஓடிக்கினு கீது மச்சி, உடு" என்று டீ குடிக்கக் கூட்டிப்போவாய். திரும்பி வந்தால் பட்டை நகர்ந்திருக்கும். ஒரு தடவைகூட உன் கை பொய் சொன்னதில்லை, திமிர் பிடித்தவனே.

ஒருநாள் மானிட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அடையாறு பாலத்தில் லாரி உன்னை அடித்துப் போட்டது. மூளை போய்விட்டது, மூச்சு மிஷினால்தான் ஓடுகிறது, குழாயை எடுப்பதா என்று வீட்டார்தான் சொல்லவேண்டும் என்றார் டாக்டர். பட்டினப்பாக்கத்தில் மீன்கூடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்திருந்த உன் அம்மா, டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நைனா, மிஷினப் பத்தி உனக்குத்தான தெரியும். கைய வச்சிப் பாரு. உள்ள ஓடிக்கினு கீதா, சொல்லு."

வைத்தேன். உன் நெஞ்சு சூடாக இருந்தது, ஏறி இறங்கியது. ஆனால் பக்கத்தில் இருந்த மிஷின் ஊதும்போது மட்டும்தான்.

"மிஷின்தாம்மா ஓடுது" என்றேன். "அவன் இல்ல."

அவர் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையசைத்தார். நான் சொன்னது உண்மைதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மருந்துக்கடைப் பெட்டிக்கும் நீ செய்யும் விதமாகவே ஓ.எஸ். போட ஆரம்பித்தேன். இப்போது பட்டை பாதியில் நிற்கிறது. என் மகள் எட்டிப் பார்த்து, ஹேங் ஆகிவிட்டது, அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்கிறாள். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்திருக்கிறேன். அதிர்வது டிஸ்கா, என் கையா, தெரியவில்லை. ஆனாலும் அணைக்கமாட்டேன், மச்சி. ஒரு தடவை அணைக்கச் சொன்னது போதும்.