கண்ணாடி ஏறிய வேகம்

அண்ணா,

இன்று காலை வாசலில் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, அதன் உள்பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். ஒயர் தீய்ந்த நாற்றம் சமையலறை வரை வந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரிலே ஒன்று கருகிப்போயிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“புதுசு போடட்டுமா, இல்ல பழையபடி சுவிட்சுலயே கரண்ட் குடுத்துடட்டுமா? மெதுவா ஏறுனா ஏறிட்டுப் போவுது. இனிமே யாரு வரப்போறாங்க?”

உனக்கு முப்பதாம் நாள் பூசைகூட இன்னும் ஆகவில்லை. யாரைச் சொல்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். “புதுசே போடுங்க” என்றேன். அவர் கடைக்குக் கிளம்பினார். நான் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதே கதவுதான். உன்னிடம் சொல்லாமல், நம் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்காமல், காரிமங்கலத்தில் கார்களுக்கு ஒயரிங் வேலை செய்யும் வேற்று மதத்துக்காரரை நான் கட்டிக்கொண்ட புதிது. ஏரியூர் ரோட்டில் வேகத்தடைக்காக வண்டி மெதுவானதும் உன் பைக் குறுக்கே வந்து நின்றது. நீ இறங்கி வருவதைப் பார்த்தவுடனே நான் சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடியோ முனகிக்கொண்டு, நின்று நின்று, விரல் விரலாக ஏறியது. அது பாதி ஏறுவதற்குள் உன் கை உள்ளே வந்துவிட்டது.

பின்னலைச் சுருட்டிப் பிடித்து என் தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினாய். ஒரு முறையல்ல. “எறங்குடி! எறங்குடிங்கறேன்! குடும்ப மானத்த வாங்கிட்டு கார்ல ஊர்வலம் வர்றியா?” புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. கண்ணாடி உன் அக்குள் வரை வந்து அதற்குமேல் தெம்பில்லாமல் நின்றுவிட்டது. அவர் வண்டியைக் கிளப்பினார். நீ கூடவே ஓடி வந்தாய், விழுந்தாய். என் முடி ஒரு கொத்து உன்னோடு போயிற்று.

தையல் போட்டுக்கொண்டு வந்த மறுநாளே அவர் கதவைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றும் மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் முழுக்க மெல்லிய ஒயரில் சுவிட்ச் வரை வந்து, அங்கிருந்து சுற்றிக்கொண்டு கதவுக்குப் போகிறதாம். போய்ச் சேருவதற்குள் பாதி பலம் வழியிலேயே போய்விடுமாம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் வைத்து, கதவுக்குள் ரிலே மாட்டினார். இனி சுவிட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும், வேலையை ரிலே பார்த்துக்கொள்ளும் என்றார். ஒரு முருங்கைக்காயை ஜன்னலில் நீட்டி, “இப்ப அழுத்து” என்றார். படக்கென்று இரண்டு துண்டாகி ஒன்று என் மடியில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“நீ தனியா உக்காந்திருந்தா சாவி ஆன்லயே இருக்கட்டும். சாவி இல்லன்னா கண்ணாடி ஏறாது.”

அதனால்தான் சந்தை நாளன்று சாவி ஆனில் இருந்தது. அவர் ஃபியூஸ் வாங்கப் போயிருந்தார். வெயிலுக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தக்காளி வண்டியின் மைக் விலை கூவிக்கொண்டிருந்தது. உன்னைப் பார்த்தபோது நீ கதவருகில் இருந்தாய். வலது கையில் கொடுவாள், இடது கை கதவின் பூட்டைத் தேடி உள்ளே.

அழுத்தினேன்.

நீ கையை இழுத்தாய், ஆனால் கண்ணாடி உன்னைவிட வேகமாக இருந்தது. நான்கு விரல்களையும் மேல்சட்டத்தோடு சேர்த்துக் கவ்வியது. எலும்பு நொறுங்கிய சத்தம், அந்த மைக் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நீ கொடுவாளை ஓங்கி காரின் கூரையில் ஒரு போடு போட்டாய். இரண்டாவது போட்டுக்குக் கை எழவில்லை. உன் முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் உன் எச்சில், உன் கண்ணீர்.

“வுடு பாப்பா… வலிக்குது பாப்பா…”

தலையை மோதியபோது மறந்துபோன பெயர், விரல் உடைந்ததும் ஞாபகம் வந்துவிட்டது உனக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விரல்கள் அறுந்து என் மடியில் விழுந்தாலும் சரி என்றிருந்தது. “கொடுவாள மொதல்ல கீழ போடு” என்றேன். போட்டாய். அதன் பிறகும் நான் உடனே இறக்கவில்லை. நன்றாக உன்னைப் பார்த்த பிறகுதான் இறக்கினேன். அதற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் இல்லை. நீ கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாய். அதற்கப்புறம் நீ வரவே இல்லை.

வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று அண்ணி போன் செய்தாள். அவர் போக வேண்டாம் என்றார். நான் போனேன். பெட்டிக்குள் உன் கைகளில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். இடது கையில் அது நிற்கவில்லை. கோணிப்போன விரல்களிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. அண்ணி மறுபடி மறுபடி சுற்றினாள்.

“இந்தக் கைய கரும்பு மெஷின்ல வுட்டுக்கினாரு பாப்பா. ஒனக்குத் தெரியாது. அன்னிக்கு சித்தப்பாங்க எல்லாம் வேன் எடுத்துகினு வந்து வாசல்ல நின்னாங்க. அவ புருசன்தான் அடிச்சானா, ஒரு வார்த்த சொல்லு, வூட்டோட கொளுத்திட்டு வர்றோம்னாங்க. இவரு ஒடஞ்ச கையத் தூக்கி பைபிள் மேல வெச்சு, மெஷின்தான்னு சத்தியம் பண்ணாரு. அப்பறந்தான் கலஞ்சு போனாங்க.”

நான் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கச்சியிடம் தோற்றதை வெளியே சொல்ல வெட்கப்பட்டாயா? இல்லை, என்னை வெட்டினால் நீதான் வெட்ட வேண்டும், மற்றவன் தொடக்கூடாது என்றிருந்ததா? இல்லை, எங்கள் வீடு எரிவதை உன்னால் பார்க்க முடியாது என்றா? எதுவென்று சொல்ல இனி உனக்கு வாய் இல்லை.

புருவத்துத் தழும்பை ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்க்கிறேன். அது எனக்குப் பழகிவிட்டது. நீ செத்ததும் உன்னை முழுதாக வெறுத்து முடித்துவிடலாம் என்றிருந்தேன், அண்ணா. ஒரே ஒரு பொய்யைச் சொல்லி அதையும் கெடுத்துவிட்டுப் போய்விட்டாய்.