சிப்பிக் கட்டத்தில் ஒரு கோடு

18 பிப்ரவரி 2004, புதன்

இன்றைய கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. இடக்கொச்சிக் காயலோரத்துக் கண்டல் காட்டுக்கு, அதாவது அலையாத்திக் காட்டுக்கு, என்ன மதிப்பு என்று கணக்கெடுக்க வீடுவீடாகப் போனவன் நான்தான். சிப்பி விற்று என்ன வருமானம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கண்டல் வேருக்கடியில் சிப்பி வாரும் அம்மிணிச் சேச்சி சொன்னாள்: "விக்கறதுக்கில்லே சாரே, பிள்ளைங்க தின்னத்தான்."

விற்கவில்லையே என்று கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் அதே கோடுதான். டைப் அடித்தபோது கோடெல்லாம் பூஜ்யமாகிவிட்டது.

"இந்தக் காட்டால யாருக்கும் வருமானமில்லே. மண்ணடிச்சு நிரப்பலாம்" என்றார் மேலதிகாரி. விற்காவிட்டாலும் அதைத்தான் தின்கிறார்கள் என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். இதை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

கணக்கெடுத்த அன்று கிளம்பும்போது சேச்சி வாழையிலையில் சிப்பி கட்டிக் கொடுத்தாள். காசு நீட்டினேன். "வீட்டுக்கு வந்தவங்ககிட்டே காசா?" என்று கையைத் தட்டிவிட்டாள். மட்டாஞ்சேரி வீட்டில் கமலா அதைத் தேங்காய் போட்டு வதக்கினாள். பிள்ளைகள் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

கோடு போட்ட இடத்தில் அதையாவது எழுதியிருக்கலாம். அன்று ராத்திரி மட்டாஞ்சேரியில் நாலு பேருக்கு வயிறு நிறைந்தது என்று.