இரண்டு தொட்டிலும் இந்த வீட்டில்தான்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
9-10-1949

அன்புள்ள மகள் நோராவுக்கு அம்மா எழுதுவது. வீடு அடங்கி வெகு நேரமான பிறகு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படுத்தால் நெஞ்செரிச்சல் தொண்டை வரை வருகிறது, உட்கார்ந்தால் தேவலை, சரி உனக்காவது எழுதுவோம் என்று அரிக்கேன் திரியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை ஆம்ப்ரோஸும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கு ஐந்தாம் மாதம் என்பதை நான் சொல்லி நீ கேட்டிருக்க வேண்டும், உன் மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறாய், அது என் தப்பு. மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது பெற்றவள் இதை எப்படி எழுதுவது என்று தள்ளிப்போட்டேன். தாயும் மகளும் ஒரே வீட்டில் பிள்ளை பெற்றால் ஊர் சிரிக்கும், ஜாம்ஷெட்பூரிலேயே பெறட்டும் என்று அவர்கள் சொன்னார்களாம், நீயும் தலையாட்டிவிட்டு, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் அம்மா என்று எனக்கு எழுதுகிறாய். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வராமல் வேறெங்கே இருப்பாய்?

சிரிக்கிற ஊர் எப்படிக் கண்டுபிடித்தது தெரியுமா, வயிற்றைப் பார்த்து அல்ல. விடியற்காலைக் குமட்டல் தாங்காமல் ஒரு ரஸ்க்கைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிடுவேன், நற்கருணை வாங்குகிறவர் வாயில் நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் படக்கூடாதே, அதனால் மூன்று ஞாயிறு பூசையில் நன்மை வாங்க எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே இருந்தேன். முதல் ஞாயிறு ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டேன் என்று நினைத்தார்களாம், மூன்றாவது ஞாயிறு புரிந்துகொண்டார்கள். கோயில் வாசலில் மீன்காரி தங்கபுஷ்பம்தான் வாய்விட்டுக் கேட்டாள், "இன்னா டீச்சரம்மா, மூஞ்சி வெளுத்துகினு கீது, பேரப்புள்ளைக்கு மாமன் வர்றானா?" என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உன் பியாட்ரிஸ் சித்திக்குத்தான் வரவில்லை. "அக்கா, இனிமே இருட்டோட மொதப் பூசைக்குப் போயிட்டு வந்துடு, யார் கண்ணுலயும் படாது" என்றாள். நான் எட்டு மணிப் பூசைக்கே போகிறேன், முன் பெஞ்சில் உட்காருகிறேன், முட்டி போட முடியாவிட்டால் போடுவதில்லை. உன்னைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனபோதும் இதே ஊர்தான் சிரித்தது, ரவிக்கையெல்லாம் பால் நனைந்திருக்கும், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தவள் நான். தாலி கட்டியவருக்கு என் முப்பத்தேழு வயதில் பிள்ளை பெற யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்?

கெண்டைக்கால் இழுக்கிறது, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, கழுத்து கறுத்துவிட்டது, சொன்னால் படித்த பெண்ணின் சொகுசு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அத்தனையும் இருக்கிறதடி. ராத்திரி மூன்று தரம் கொல்லைப்பக்கம் போகிறேன், விரல் தடித்து மோதிரம் இறுகிப்போய் சோப்புப் போட்டுக் கழற்றிச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். இது வியாதியும் அல்ல, உன் நடிப்பும் அல்ல. கால் இழுத்தால் பாதத்தை உன் பக்கமாக மடக்கிப் பிடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடு, ஒருக்களித்துப் படு. ஆனால் சாயங்காலம் கால் வீங்குவது வேறு, காலையில் எழும்போதே முகம் வீங்குவது வேறு. முகம் வீங்கி, தலைவலி விடாமல், கண் மங்கினால் யார் சொல்வதையும் கேட்காதே, அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போ. இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை, நெஞ்செரிச்சல் பாதி சாக்கு.

அப்பா நேற்றுக் கூடத்து உத்தரத்தில் இன்னொரு கொக்கி அடித்துவிட்டார். பழைய கொக்கியில் உன் தொட்டில் ஆடியது, அது உன் பிள்ளைக்கு, புதியது எனக்கு. என்ன சத்தம் என்று பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள், "ரெண்டு தொட்டில் வருதுங்க" என்று ஏணியில் நின்றபடியே சொன்னார், அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. உனக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டால் ரயிலில் அலையக்கூடாது, ஆகையால் இந்த மாதக் கடைசிக்குள் அவரே வந்து உன்னை அழைத்து வருவார், லீவும் எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பந்தி அம்மாளுக்குத் தனியாக மரியாதையோடு எழுதியிருக்கிறேன், அனுப்புவீர்களா என்று கேட்கவில்லை, வருகிற தேதியை எழுதினேன். என் சிரமத்தை நினைத்துத் தயங்குகிறாயா, இல்லை என்னால் உனக்கே வெட்கமா, அதை மட்டும் ஒளிக்காமல் எழுது. வெட்கமானாலும் வா, இங்கே வந்து வெட்கப்பட்டுக்கொள்.

ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் கண்போல் காப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர். பல்லை அழுத்தித் துலக்காதே. இதைப் படித்ததும் பதில் போடு.

உன் அம்மா
மர்சலின்