அலறியவள் பக்கம்

என் பிரியமுள்ள எஸ்தருக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். சொல்வதற்கு ஒரு சேதியும் இல்லாமல் எழுதினால் நீ படிக்கமாட்டாய். "இன்னாடி, நலம் நலமறிய ஆவல்னு ஆரம்பிச்சிட்ட" என்று மடித்து வைத்துவிடுவாய். இப்போது சேதி இருக்கிறது.

எனக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். கவின். எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். ஒரு பிடி அவரைக்காய் அளவுக்குத்தான் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இப்போது தவழ்கிறான், செருப்பைக் கடிக்கிறான். ஆனாலும் நான் இன்னும் அந்தப் பெட்டிக்கு வெளியில்தான் நிற்கிறேன். தூங்குகிறவனின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். ஒரு தும்மலுக்கு இரண்டு முறை ஜுரம் பார்க்கிறேன். நீ இருந்தால் என்னை ஓட்டியே தீர்த்திருப்பாய், இல்லையா?

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

காஞ்சிபுரத்தில் நாம் ஆங்கில இலக்கியம் படித்தபோது கிரேக்கப் புராணங்கள் பாடமாக இருந்தன. நாங்கள் எல்லோரும் வீரர்களைக் குறித்துக்கொள்வோம். நீ யாரும் கேட்காத ஆளைப் பற்றிக் கேட்பாய். மாட்டுத் தலையும் மனித உடம்புமாகப் பிறந்த ஒருவனை, உள்ளே போனால் வழி தெரியாத மாளிகையில் அடைத்து வைத்த கதை ஒன்று உண்டே. அவனைக் கொன்றவன் பெயர்தான் பரீட்சைக்கு வரும். உத்திரமேரூர் பேருந்தில் திரும்பி வரும்போது நீ மெதுவாகக் கேட்டாய்: "கொம்பு மொளச்ச புள்ளைக்கு அவங்கம்மா எந்தப் பக்கமா சாச்சி பால் குடுத்திருப்பா?"

வண்டி ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த வயதில் எனக்குப் பால் கொடுப்பதைப் பற்றி என்ன தெரியும்? உனக்கு மட்டும் என்ன தெரியும்? எங்கிருந்துதான் வந்தது உனக்கு அந்தக் கேள்வி?

லீவு நாட்களில் உன் அம்மாவோடு நீயும் எங்கள் கழனிக்கு நடவுக்கு வருவாய். நான் வீட்டிலிருந்து டீ கொண்டுவந்து வரப்பில் நிற்பேன். நடவு ஆட்களைக் கூட்டி வருகிற கன்னியம்மா அக்கா, "பாட்டு வாணாம், இன்னிக்கி எஸ்தரு கத சொல்லட்டும்" என்பார். குனிந்த முதுகோடு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டே, கை நிற்காமல் நீ சொல்வாய்.

"பயிருக்கு ஒரு பொம்பள சாமி. அவ பொண்ண பாதாளத்து ராசா தூக்கினு பூட்டான். இவ கெழவி வேசம் போட்டுகினு ஊர் ஊரா தேடறா. வயித்துக்கு ஓணுமே, ஒரு வூட்ல கொயந்த பாத்துக்கற வேலைக்கு சேந்துட்டா."

"சம்பளம் இன்னா குடுத்தாங்களாம்?" என்றார் கன்னியம்மா அக்கா.

"சம்பளத்த வுடுக்கா. அந்தக் கொயந்த மேல அவளுக்கு ஆச வந்துடுச்சி. இவனுக்கு சாவே வரக்கூடாதுன்னு, யாருக்கும் தெரியாம தெனமும் தணல்ல வெச்சி வெச்சி எடுத்தா. ஒரு நாளு பெத்தவ எட்டிப் பாத்துட்டா. பாத்ததும் கத்திட்டா. சாமிக்கு வந்துச்சி பாரு கோவம். புள்ளயத் தரையில போட்டுட்டு, சாவாத வரத்தக் கெடுத்துட்டியேடின்னு திட்டிட்டு பூட்டா."

"அவ்ளோதானா?"

"புக்குல அவ்ளோதான். சாமி பெரிய சாமி, அம்மாக்காரி அறிவில்லாதவ."

அதற்குப் பிறகுதான் நீ அந்தத் தாயாகவே பேச ஆரம்பித்தாய். அவளுடைய பெயரை நீ சொல்லவில்லை, சொன்னாலும் யார் வாயிலும் நுழைந்திருக்காது. "அவ சாமின்னு எனக்கு யாரு சொன்னா? என் வூட்டு நெருப்பு, என் புள்ள. சாவாத புள்ள வோணும்னு நான் எப்பனா கேட்டனா? காலையில எழுந்தா பசின்னு அழுவற புள்ளயத்தான கேட்டேன்."

நாற்று முடியை அவிழ்த்த கைகள் அப்படியே நின்றன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "சாமியா இருந்தா இன்னா, அந்தக் கெழவிய நானா இருந்தா தொடப்பத்தாலயே சாத்தியிருப்பேன்" என்றார் கன்னியம்மா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கடலுக்கு அப்பால், எந்தக் காலத்திலோ ஏசப்பட்ட ஒருத்திக்காக நம் ஊர்ப் பெண்கள் சேற்றில் நின்று பஞ்சாயத்துப் பேசினார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது, எஸ்தர். அவளுக்கு அவ்வளவு நாள் கழித்துக் கிடைத்த முதல் ஆதரவே அதுதானோ என்னவோ.

சரி, சேதிக்கு வருகிறேன்.

கவின் பெட்டிக்குள் இருந்தபோது என் மாமியார் நம் ஊர்த் திரௌபதியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிழைத்து வந்தால் தீமிதி அன்று அவன் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு குழியில் இறங்குவார் என்று. நீ பார்த்திருக்கிறாய். மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக ஒருவர் பின் ஒருவராக ஓடுவார்கள். ஒன்றிரண்டு பேர் தோளில் குழந்தை இருக்கும். நாமும் கைதட்டி இருக்கிறோம். அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் எங்கே நின்றார்கள் என்று அப்போது நாம் திரும்பிப் பார்த்தோமா?

இந்த வருஷம் காப்புக் கட்டிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கப்பா கூடத்தான் என்னத் தூக்கினு எறங்குனாரு. எனக்கு இன்னா ஆச்சி, சொல்லு."

"கால் தடுக்கினா?"

"தடுக்காது."

"தடுக்கினா?"

"காலேஜ்ல படிச்சிட்டு வந்து பேஜார் பண்ணாத திவ்யா" என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். மாமியாரிடம் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "ஆத்தாகிட்ட வாக்கு குடுத்தாச்சி" என்றார். கதையில் வருகிற அந்தக் கிழவி இவர்தான் என்று அன்று நான் முடிவு கட்டிவிட்டேன். பிள்ளையின் மேல் ஆசை வைத்து, பிள்ளையை நெருப்பில் வைக்கிறவர்.

தீமிதி அன்று காலை படுகளம், துரியோதனன் விழுகிற கூத்து. மண்ணால் செய்த துரியோதனன் திடல் நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான். அவன் மனைவி வேஷம் கட்டிய கூத்தாடி, கையில் முறத்தோடு தலைவிரி கோலமாக அவனைச் சுற்றிச் சுற்றி அழுதார். தோற்றவன் பெண்டாட்டிக்கும் வாய்விட்டு அழ நம் ஊரில் ஒரு முறை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்தாயா? நீ புத்தகத்தில் தேடித் தேடிச் செய்ததை இவர்கள் ஒவ்வொரு வருஷமும் வெயிலில் நின்று செய்துகொண்டிருக்கிறார்கள். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன்.

பொழுது சாயும்போது குழியில் தணலைப் பரப்பினார்கள். பத்தடி தள்ளி நின்றும் முகம் தீய்ந்தது. தணலுக்கு அப்பால் தெரிந்த ஆட்களெல்லாம் தண்ணீரில் தெரிகிறவர்கள்போல ஆடினார்கள். குழிக்குள் இறங்கியவரைக் கூப்பிடக்கூடாது என்பது உனக்குத் தெரியும். கூப்பிட்டால் தயங்குவார், தயங்கினால் சுடும். ஆகவே எனக்கு இருந்தது, அவர் இறங்குவதற்கு முந்தைய அந்த ஒரு மூச்சு நேரம்தான்.

கரகம் போனது. நான்கைந்து பேர் போனார்கள். இவர் கவினைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழியோரம் வந்தார். பிள்ளையின் கால் ஒன்று, கொலுசோடு, அவர் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

கத்தினேன். கத்தினேன் என்று இப்போது எழுதுகிறேன், அப்போது யாரோ கத்துகிறார்கள் என்றுதான் எனக்கும் கேட்டது. என் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது, எஸ்தர். பம்பை மேளம் நின்றுவிட்டது. அந்தத் திடல் முழுக்க அடங்கி, தணல் வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆத்தா வந்துட்டா" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். என் தலையில் மஞ்சள் தண்ணீர் கொட்டியது. யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். என் பாட்டனார் வயதுள்ள பூசாரி கற்பூரத் தட்டோடு என் முன்னால் வந்து குனிந்து நின்றார். "இன்னா தாயே கொற? எதுவா இருந்தாலும் சொல்லிடு."

"சாமிலாம் இல்லங்க. நான்தான் கத்தனேன். புள்ளய எங்கிட்ட குடுத்துடுங்க."

"வந்ததும் அப்டித்தான் இல்லன்னு சொல்லுவா" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"இல்லக்கா, நெஜமாவே நான்தான்."

யாரும் கேட்கவில்லை. பூசாரி இவரைப் பார்த்து, "ஆத்தாளே கைல கேக்கறா, குடுத்துடுப்பா. அவ மடியில வெச்சிட்டாலே நேந்துகினது தீந்துடுச்சி. நீ மட்டும் எறங்கு" என்றார். இவர் என் முகத்தையே பார்த்தார். பயந்தாரா, புரிந்துகொண்டாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. கவினை என் கையில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, தனியாக இறங்கி ஓடினார்.

கவின் அழவில்லை. என் தோளுக்கு மேலே எக்கி அந்தத் தணலையே பார்த்தான். அவன் கண் இரண்டிலும் அது சின்னதாகச் சிவந்து தெரிந்தது. நானும் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது நெருப்பு. நான் அதனிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டேனா, எதையோ கொடுக்காமல் விட்டேனா? கிரேக்கத்தில் அவளும் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பாளா? அதற்குள் ஒரு அம்மா என் காலைத் தொட்டு, "எம் பொண்ணுக்கு எப்ப தாயே கல்யாணம் ஆவும்?" என்று கேட்டுவிட்டார். "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, தலையிலிருந்த மஞ்சளை அலசிவிட்டார். அப்புறம் சொன்னார்.

"ஆத்தா வர்லன்னு எனக்குத் தெரியும். சாமி வந்தவ கண்ணு ஒரு எடத்துல நிக்காது. ஒன் கண்ணு புள்ள கால்லயே நின்னுச்சி."

நான் திரும்பிப் பார்க்கப் போனேன். தலையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

"ஒம் புருசன அவங்கப்பா தூக்கினு எறங்கசொல்லோ நானும் வாயத் தெறந்தேன். சத்தம் வர்ல. மூடிக்கினேன்."

"அப்பறம் ஏன் அத்த நீங்களே வேண்டிக்கினீங்க?"

"பொட்டியில கெடந்தானேடி. டாக்டரு கைய விரிக்கறாப்ல பேசனாரு. நான் வேற யாராண்ட போயி கேக்கறது?"

ஒரு குடம் தண்ணீரை மொத்தமாக என் தலையில் ஊற்றினார். அந்தத் தண்ணீருக்குள் நான் அழுதது அவருக்குத் தெரியாது. ஒருவேளை அதற்காகத்தான் ஊற்றினாரோ? கதையின் கிழவி என்று நான் எண்ணியவர் அந்தக் கிழவியே அல்ல. அவரும் அந்தத் தாய்தான், குரல் வராமல் போன தாய். இத்தனை நாள் ஒரே அடுப்பில் சமைத்தும், அவர் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீயாக இருந்தால் வந்த முதல் வாரமே கேட்டிருப்பாய்.

மறுநாள் உன் அம்மா வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்து உங்கள் தெருவரைக்கும் என் சத்தம் கேட்டதாம். "எஸ்தரு இருந்தான்னா இத வெச்சே ஒரு மாசம் கத சொல்லுவா" என்று கவினை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அவன் அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்து இழுத்தான். அவர் அதை விடுவிக்காமலே சொன்னார்: "கடேசியா அவளுக்கு ஜுரம் ஏறி கெடந்தப்ப ஒரு கத ஆரம்பிச்சா. எங்கிட்டதான் சொன்னா. பாதி எனக்குப் புரியல. ஆனா நான் 'ம்' சொல்லிகினே இருந்தேன்."

அவர் மேலே சொல்லுமுன் வாசலில் வேலை ஆட்களின் ஆட்டோ வந்து நின்று அவரைக் கூப்பிட்டது. போய்விட்டார்.

எஸ்தர், உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' சொன்னவரைப் பார்க்கவில்லை. இந்த ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்குக் கவினைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். அவருக்குப் புரிந்த பாதியைக் கேட்பேன், புரியாத பாதியையும் கேட்பேன். என் படிப்பை வைத்து நடுவில் எதையும் இட்டு நிரப்பமாட்டேன். அவர் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்திக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன்னைப் பெரியம்மா என்று சொல்லி வளரப்போகிறவனின் அம்மா,
திவ்யா