பதினேழாம் நாள் நின்ற கணக்கு

கண்ணு,

உன் பச்சை அட்டை நோட்டை இன்று பிரித்தேன். நீ காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம் இன்னும் அதில் இருக்கிறது. முக்கால்வாசி ஆங்கிலம், நடுநடுவே தமிழ். எழுத்தெழுத்தாகக் கூட்டி, இந்த அறுபத்தெட்டு வயதில் உன் கையெழுத்தை முதன்முதலாக நானே படித்தேன். "இன்றும் அப்பா வைத்த ரசத்தில் உப்பு இல்லை" என்று ஒரு வரி. வாய்விட்டுச் சிரித்தேன். முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தது இதற்காகத்தானே.

நீ பார்த்த வேலையை ஒருநாள் எனக்குப் புரியவைத்தாய்.

"புரதம்ங்கறது நூலு மாதிரிங்கப்பா. தானா மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வந்தாத்தான் வேல செய்யும்."

"நூலு தானா மடிஞ்சா சிக்குத்தான் உழுகும், அம்மணி."

"சிக்கு உழுந்துதானுங்க என்ற காலு இப்படிக் கெடக்குது."

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் தசையிலிருந்த ஒரு புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது. அந்த இடத்தில் அது எப்படித் தடுமாறுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்க நினைத்தாய். ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று அது கணக்குப் போடும். எல்லாவற்றையும் ஒரு துளி நகர்த்தும். திரும்பவும் கணக்குப் போடும். இருபது நாள் விடாமல் ஓடினாலும் கண் சிமிட்டும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான் தேறும் என்றாய். "எனக்கு மருந்தாகாதுங்கப்பா. ஆனா எங்க சிக்குதுன்னு ஒருக்கா பாத்துப்போடோணும்."

கம்ப்யூட்டரை ஓடவிட்ட பதினேழாம் நாள் நீ கோவைக்குக் கல்லூரிக்குப் போயிருந்தாய். பல்லடத்தில் மழைக்காற்று. கரண்ட் ஏறி ஏறி இறங்கியது. வோல்டேஜ் ஆடினால் மோட்டார் புகைந்துவிடும், தறிக்காரன் கை முதலில் மெயின் சுவிட்சுக்குத்தான் போகும். தறிகளை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தால், உன் கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் இன்வெர்ட்டரில் இரைந்துகொண்டிருந்தது. தொட்டேன், சுட்டது. பாவம் என்று அதையும் அணைத்தேன்.

நீ வந்து கறுத்த திரையைப் பார்த்தபடி இருந்தாய்.

"தப்புப் பண்ணிப்போட்டனா கண்ணு?"

"இல்லீங்கப்பா. அது அப்பப்ப தானா சேமிச்சுக்கும். உட்ட எடத்துல இருந்து ஓடும். நீங்க போயி டீ வெய்யுங்க."

நம்பினேன். டீ வைத்தேன்.

பெட்டியை மறுபடி ஓடவிட்டாய். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் உனக்கு மூச்சுத் திணறியது. மறுநாள் நீ இல்லை. சொந்தபந்தம் எல்லாம் வந்து அழுதபோதும் உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. நீ போன எட்டாம் நாள் அது தானாக முடிந்தது. உன் கல்லூரி மேடம் வந்து பார்த்து, சிக்குகிற இடம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு அழுதார்.

ரச வரிக்கு நாலு பக்கம் தள்ளி, இன்று இதையும் படித்தேன்: "எல்லாம் போச்சு. டிஸ்கில் இடம் போதாமல் சேமிப்பதை நான்தான் நிறுத்திவைத்திருந்தேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவிடம் சொல்லவில்லை."

மூன்று தடவை கூட்டிப் படித்தேன். தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். டீச்சர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

மறுபடி ஓடவிட்டது மூன்று நாளில் முடியாதபோதும் எனக்கு உறைக்கவில்லை. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் மூன்றே நாளில் முடிந்திருக்கும். விரலை மடக்கி எண்ணிப் பார்க்கிறேன். எப்படி எண்ணினாலும் அந்த நாளில் நீ உயிரோடு இருக்கிறாய், திரையைப் பார்க்கிறாய். அந்த மூன்று நாளைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை எங்கே இறக்கிவைக்கட்டும், சொல்லு கண்ணு.