“பீதியைக் கிளப்பிய பெண்மணி” என்ற வரியை நீக்கக் கோருதல்

அனுப்புநர்
தையற்கடைக்காரி,
பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பொது நிகழ்ச்சிகள் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: திறந்தவெளி இசை நிகழ்ச்சியில் மேடைக் கூரை சரிந்தது – விசாரணை அறிக்கையில் என் நாத்தனார்மீது பழி சுமத்தியிருப்பது – அந்த வரியை நீக்கவும், அதே மைதானத்தில் நடக்கவிருக்கும் அடுத்த நிகழ்ச்சியை நிறுத்திவைக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகம் வெளியிட்ட விசாரணை அறிக்கையை முழுவதுமாகப் படித்தேன். வழவழப்பான தாள், நல்ல அச்சு. மேடைக் கூரை சரிந்ததற்குக் காரணம் “எதிர்பாராத காற்று” என்றும், மக்கள் காயம்பட்டதற்குக் காரணம் “கூட்டத்தில் கூச்சலிட்டுப் பீதியைக் கிளப்பிய ஒரு பெண்மணி” என்றும் அதில் கண்டிருக்கிறது. காற்றை விசாரணைக்கு அழைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்மணியை அழைத்திருக்கலாம். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், இடுப்பில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார். எங்கும் ஓடிவிடவில்லை.

அவர் என் கணவரின் தங்கை. நகரப் பேருந்தில் நடத்துநர். எங்கள் இருவருக்கும் ஒரே சமையலறையில் அரைநாள்கூட ஒத்துப்போனதில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆகவே, பாசம் கண்ணை மறைத்து இதை எழுதுகிறேன் என்று தாங்கள் கருத வேண்டியதில்லை. என் கணவருக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டதால் அவருடைய நுழைவுச்சீட்டில் நான் நாத்தனாருடன் போனேன். நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அறிக்கை எழுதியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பார்த்தவர்களைக் கேட்கும் வாய்ப்பு இருந்தது, அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

முதலில் “எதிர்பாராத” என்ற சொல். அன்று மதியமே வானிலை நிலையத்தின் சூறைக்காற்று எச்சரிக்கை எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. என் கடையில் அளவு கொடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்கும் வந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதி ஏற்பாட்டாளர்களுக்கும் தங்கள் அலுவலகத்துக்கும் மட்டும் எட்டாமல் போனது தங்கள் கைப்பேசிகளின் கோளாறாக இருக்கலாம். நாங்கள் மைதானத்தில் உட்கார்ந்தபோதே மேற்கு வானம் அடிபட்ட தோல்போலக் கன்றிக் கிடந்தது. மேடையின் இரு பக்கமும் உச்சியிலிருந்து அடிவரை விளம்பரத் துணிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று வீச வீச அவை வயிறு உப்பின; கூரையில் தொங்கிய விளக்குகள் ஆடின.

என் நாத்தனார் எழுந்துபோய், கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த ஊழியர் ஒருவரிடம், “ஏன் தம்பி, விளக்கெல்லாம் இந்த ஆட்டம் ஆடுதே, கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். “அதெல்லாம் மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க, போய் உக்காருங்கக்கா” என்பது பதில். “மேல இருக்கறது விளக்குதான் தம்பி. மனுஷங்க நாங்க கீழதான் இருக்கோம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைச் சோபாக்களில் இருந்த விருந்தினர்களின் காதில் யாரோ குனிந்து ஏதோ சொல்ல, அவர்கள் அவசரம் காட்டாமல் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கிளம்பினார்கள். கடைசிக் காரும் போனபின் அந்தக் கதவு பூட்டப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது தொகுப்பாளரின் நகைச்சுவை: “பாருங்க, காத்தே நம்ம பாட்டுக்கு ஆட வந்திருக்கு, ஒரு கைதட்டு குடுங்க.” கூட்டம் கைதட்டியது.

அப்போதுதான் என் நாத்தனார் நாற்காலியின்மேல் ஏறி நின்றார். பகலெல்லாம் “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கத்திப் பழகிய குரல் ஐயா அது. “எல்லாரும் ஏந்திரிங்க. அந்த ஸ்பீக்கர் கம்பத்துக்குக் கீழ யாரும் நிக்காதீங்க. தள்ளாம பின்னால போங்க. குழந்தைகளத் தூக்கிக்கோங்க.” அறிக்கை சொல்லும் கூச்சல் இதுதான், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “பாட்டு கேக்க விடும்மா” என்று ஒருவர் எரிந்து விழுந்தார். விழுந்தாலும் எழுந்து நடந்தார். நான் திகைத்து நின்றதைப் பார்த்து, “அண்ணி, உங்களுக்குத் தனியா சொல்லணுமா? நடங்க” என்றார். நடந்தேன்.

எங்கள் பக்கத்து வரிசைகள் ஏறக்குறையக் காலியான சமயம் பெருங்காற்று வந்தது. கூரை ஒரு பக்கம் தூக்கி, முறுக்கிக்கொண்டு முன்னால் சரிந்தது. ஒலிபெருக்கிக் கம்பம் வெறும் நாற்காலிகள்மேல் விழுந்தது. அது விழும் நொடியில், முழங்கால் வலியால் எழ முடியாமல் இருந்த பெரியவர் ஒருவரை என் நாத்தனார் தூக்கித் தள்ளிவிட்டார். பெரியவருக்குக் கையில் சிராய்ப்பு. கம்பத்தின் நுனி இவர் இடுப்பில் விழுந்தது.

அவருடைய குரல் எட்டிய பக்கத்தில் படுகாயம் அடைந்தவர் அவர் ஒருவரே. குரல் எட்டாத மறுபக்கத்தில் இருந்தவர்கள்தான் கூரை சரிந்தபின் ஓடி, பூட்டிய கதவில் நெரிந்தார்கள். அந்தப் பூட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. மேடையில் கீபோர்டு வாசித்தவர் கூரைக்கு அடியிலேயே இறந்துபோனார். அவருக்கு அரைவரி ஒதுக்கியிருக்கிறார்கள். “கருவிகள் சேதம்” என்ற பத்தியில்.

அறிக்கையை ஆதாரமாகக் காட்டி, பணிமனை நிர்வாகம் என் நாத்தனாரிடம் நடத்தை குறித்து விளக்கம் கேட்டிருக்கிறது. அதைப் படுக்கையருகே நான்தான் வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். “சிரிக்க வைக்காதீங்க அண்ணி, கம்பி குத்துது” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று இரவு நான் கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை. என் சமையலைக் குறை சொல்லாமல் அவர் ஒதுக்கியது அதுவே முதல்முறை.

இதற்கிடையில் அதே ஏற்பாட்டாளர்கள், அதே கூரைச் சட்டத்தை நிமிர்த்தி வர்ணம் பூசி, அதே மைதானத்தில் அடுத்த நிகழ்ச்சி நடத்தத் தங்கள் அலுவலகம் அனுமதி வழங்கியிருக்கிறது. வர்ணம் நன்றாக இருக்கிறது. காற்றுக்கு அது பிடிக்குமா என்று தெரியவில்லை.

ஆகவே ஐயா, அந்த அனுமதியை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். இனி எந்தத் திறந்தவெளி மேடையானாலும், காற்று கூடினால் பாட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அவர் ஏற்பாட்டாளரின் ஆளாக இருக்கக் கூடாது. எல்லாக் கதவுகளும் கடைசி ஆள் போகும்வரை திறந்திருக்க வேண்டும். என் நாத்தனாரைப் பற்றிய வரியை நீக்கி, அதைப் பணிமனைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

நீக்க இயலாது என்று முடிவு செய்தால் ஒரே ஒரு வேண்டுகோள். தாங்கள் நேரில் வந்து, அந்த வரியை அவர் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டவும். மாலையில் பார்வையாளர்களை விடுகிறார்கள். அவர் தங்களுக்குப் பதில் சொல்லுவார், ஒலிபெருக்கி தேவைப்படாது.

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அந்தப் பெண்மணியின் அண்ணி

இடம்: எலும்பு முறிவுப் பிரிவு வராந்தா
நாள்: அறிக்கை வெளியான வாரம், வெள்ளிக்கிழமை